ஆஷாடம் முடிஞ்சி ஆடியும் போகட்டும்

திருப்பதியில ஜூன் மாசக் கடைசியில துணிக்கடைக்காரங்க எல்லாம் ‘ஆஷாடம் ஆஃபர்’னு போர்டு மாட்டுவாங்க. அதைக் கழட்டறதுக்கு முன்னாடியே எங்க புத்தூர், நகரி பக்கம் ‘ஆடித் தள்ளுபடி’னு தமிழ்ல மாட்டிடுவாங்க. ஊரே பாதி விலைக்கு ஓடும். எனக்கு அந்த போர்டைப் பாத்தாலே வயிறு பத்திக்கினு எரியும். ஒரு பொம்பளையோட வயசையே அந்த ரெண்டு மாசம் துன்னு ஏப்பம் விட்டுடுச்சி. அதை வாய் விட்டுச் சொன்னாத்தான் எனக்கு ஆறும்.

அவ பேரு செங்கமலம். பெரிய மனுஷி எல்லாம் இல்ல. திருப்பதியில ஒரு இன்டர் காலேஜ், நம்ம ப்ளஸ் டூ மாதிரி, பேர் வேணாம், அதுல அவ மேத்ஸ் மேடம். நான் பிசிக்ஸ் மேடம், பேரு கலைவாணி. ஸ்டாஃப் ரூம்ல ரெண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. அந்த ரூம்ல தமிழ்ல சண்டை போட எங்க ரெண்டு பேரை விட்டா ஆள் கிடையாது. அதனாலயே ஒட்டிக்கினோம்.

அவளுக்குப் பாலசமுத்திரம் பக்கம். நைனா முனிரத்தினம் கரும்பு வைக்கறவர், கொஞ்சம் மாந்தோப்பு. அம்மா சுந்தரி. வீட்டுல தமிழ், ஸ்கூல்ல தெலுங்கு, காலேஜ்ல இங்கிலீஷ். கல்யாணம் பண்ணிக்கல. ஊர்ல கேட்டா ‘அவ கணக்கைக் கட்டிக்கினா’ம்பாங்க. காலையில பசங்களுக்குப் பாடம் நடத்திட்டு, மீதி நேரத்துல யுனிவர்சிட்டியில ரங்கையா சார்கிட்ட டாக்டரேட் பண்ணிக்கினு இருந்தா.

பாடம்னா என்ன பாடம்? எங்க காலேஜ்ல இன்டெக்ரலைப் போடக்கூடாது, தெரியுமா? என்ட்ரன்ஸ் பரிட்சைக்கு நாலு ஆப்ஷன்ல மூணை எப்படி அடிக்கறதுன்னுதான் சொல்லித் தரணும். அந்தக் கருமத்தைப் பகல் பூரா பண்ணிட்டு, வெளியே வந்து நிஜமான இன்டெக்ரலை வச்சிக்கினு உக்காருவா. ‘வாய் கொப்பளிக்கற மாதிரிடி’ம்பா.

அவ பண்ணது என்னன்னு எனக்கு வெளங்கினது கங்கம்மா ஜாத்திரையிலதான். ராட்டினம் சுத்திக்கினு இருந்துச்சி. கையில இருந்த மிளகா பஜ்ஜியாலயே அதைக் காட்டினா.

“அந்தச் சிவப்புப் பொட்டியைப் பாரு கலை. சுத்திக்கினே இருந்தா எவ்ளோ நேரம் மேல இருக்குதோ அவ்ளோ நேரம் கீழயும் இருக்கும். கூட்டிப் பாத்தா ஒண்ணுமில்லாம அடிபட்டுப் போயிடும். இப்ப ஆள் ஏத்த நிறுத்தறான் பாரு. சிவப்புப் பொட்டி உச்சியிலயே மாட்டிக்கிச்சி. இந்த நின்ன நேரத்தை எதுவும் அடிக்காது. அதான் மிச்சம்.”

“சரி, அதுக்கு?”

“என் இன்டெக்ரல்ல ராட்டினத்தைச் சுத்தறவன் ஒரு பாலினாமியல். அவன் டிகிரி அஞ்சுன்னா நாலு தரத்துக்கு மேல நிறுத்த முடியாது. அவன் எவ்ளோ பெரிய கொம்பனா இருந்தாலும் சரி. அதனால மிச்சம் இவ்ளோக்கு மேல போகாதுன்னு ஒரு எல்லை கட்டிடலாம். எக்ஸுக்கு முன்னாடி மூணு இருக்குதா முப்பது கோடி இருக்குதான்னு நான் கேக்கவே மாட்டேன். டிகிரி மட்டும் சொல்லு, போதும்.”

அந்த ‘கேக்கவே மாட்டேன்’ சொல்லும்போது மூஞ்சியைப் பாக்கணுமே! மகாராணிதான்.

ஒரு வேரியபிளுக்கு அது பழைய சங்கதியாம், புஸ்தகத்துலயே இருக்குதாம். ரெண்டு வேரியபிளுக்கு வந்தா, நிக்கற இடம் புள்ளியா இருக்காது, பாம்பு மாதிரி கோடா வளைஞ்சிக்கினு போகும். அங்க ஒரு வகை பாலினாமியலுக்கு இப்படி ஒரு எல்லை இருக்குதா இல்லையான்னு உலகத்துல ஒருத்தருக்கும் தெரியல. அதை நான்தான் நிரூபிப்பேன்னு இவ புடிச்சிக்கினா. அந்தத் தியரம் அவ பேர்ல வரணும். அது வந்தாத்தான் டாக்டரேட். டாக்டரேட் வந்தாத்தான் இந்த ஆப்ஷன் அடிக்கற தொழிலை உட்டுட்டு எங்கனா ஒரு நல்ல காலேஜுக்குப் போகலாம். ஆனா அவளுக்கு வேலைகூட ரெண்டாம் பட்சம்தான். அவளுக்கு அது வேணும், அவ்ளோதான். கொழந்தை வேணும்னு சிலர் அழுவாங்களே, அந்த மாதிரி.

அவங்க வேலையில ஒரு முறை இருக்குது. ராட்டினம் நிக்கற இடத்தைச் சுத்தி ஒரு சின்னத் துண்டை வெட்டிப்பாங்க. அதுக்குள்ள என்ன நடக்குதுன்னு பாக்கறதே இல்ல. ‘போ, இது மொத்தமும் நஷ்டம்’னு அதோட நீளத்தை எழுதிட்டு, மீதி இடத்தை நிதானமா கணக்குப் பாப்பாங்க. துண்டு சின்னதுன்னா நஷ்டமும் சின்னதுதானே. ‘கெட்ட இடம்’னுதான் அவ அதுக்குப் பேர் வச்சிருந்தா. வருசக்கணக்கா பண்ணிப் பண்ணி அது அவ கைப்பழக்கமே ஆகிப்போச்சி.

இன்னொரு வழக்கம் இருக்குது, அதைக் கேட்டா எனக்குச் சிரிப்பா வரும். மாறாத நம்பருக்கெல்லாம் ‘சி’ன்னு ஒரே எழுத்தைப் போடுவாங்க. ஒரு வரியில சி-ங்கறது ரெண்டா இருக்கும், அடுத்த வரியில நாப்பதா இருக்கும், ஆனா எழுத்து அதே எழுத்துதான். கட்டுரை ஆரம்பத்துல ‘சி வரிக்கு வரி மாறும்’னு ஒரு வாக்கியம் எழுதிட்டா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க. எங்க பிசிக்ஸ்ல இப்படிப் பண்ணா செருப்படி விழும்.

அந்த ‘சி’தான் அவளை ஒரு தரம் கவுத்துச்சி. கொரோனாவுக்கு அடுத்த வருசம். முடிச்சிட்டேன்னு துள்ளிக் குதிச்சா. நெட்ல அவங்களுக்குன்னு ஒரு பொது இடம் இருக்குது. யார் எதைக் கண்டுபிடிச்சாலும் அங்கதான் முதல்ல போடுவாங்க, தேதியோட ஏறிடும், யார் முந்தினதுன்னு அதை வச்சித்தான் பேச்சு. அவசர அவசரமா அங்க ஏத்தினா. பத்திரிகைக்கும் அனுப்பினா. பத்திரிகையில இருந்து ரெண்டு வரி பதில் வந்துச்சி: நடுவுல ஒரு ‘சி’ பாலினாமியலோட நம்பரை முழுங்கிட்டு உக்காந்திருக்குது, மாறாத நம்பர் மாதிரி வேஷம் போட்டுக்கினு. எதைக் கேக்கவே மாட்டேன்னு சொன்னாளோ அதுவே உள்ள ஒளிஞ்சிக்கினு இருந்துச்சி. அவ்ளோதான், சரிஞ்சி போச்சி. அந்தப் பொது இடத்துல அவ பேருக்கு எதிர்ல ‘வாபஸ்’னு ஏறிச்சி. அதை அழிக்க முடியாதாம், உலகம் உள்ள மட்டும் இருக்குமாம்.

அதுக்கு ரங்கையா சார் என்ன சொன்னார் தெரியுமா? “ஆஷாடத்துல பம்பிச்சாம் கதம்மா.” ஆஷாடத்துல அனுப்பினோமில்லையா அம்மா, அதான். எனக்குத் தலைக்கு ஏறிடுச்சி. “சார், சி உள்ளாற நம்பர் ஒளிஞ்சிருந்ததுக்கு ஆஷாடம் என்ன சார் பண்ணும்?”னு கேட்டேன். சார் சிரிச்சிக்கினே நாமத்தைத் தொட்டுப் பாத்துக்கினார். அவர் கெட்டவரா இருந்தா நல்லா நாலு வார்த்தை திட்டிட்டுப் போயிடலாம். நல்லவரு. ஸ்டூடன்ட் பேப்பர்ல தன் பேரைச் சொருகாத மனுஷன். அதான் கோவத்தை எங்க கொட்டறதுன்னு தெரியாம நிக்கறேன்.

அதுக்கப்புறம் செங்கமலம் ஆளே மாறிட்டா. ஒரு ‘சி’யை மறுபடி எழுத மாட்டா. சி ஒண்ணு, சி ரெண்டு, சி மூணுன்னு ஒவ்வொண்ணுக்கும் நம்பர் போட்டு, எது எதுல இருந்து வந்துச்சின்னு பக்கத்துலயே எழுதி வைப்பா. ‘ஆளுக்கு ஒரு ஆதார் கார்டுடி, ஒருத்தனும் ஒளிய முடியாது’ம்பா. சிரிப்பா, ஆனா பயம் உள்ள போயிடுச்சி. அடுப்பை அணைச்சிட்டமான்னு நாலு தரம் திரும்பி வந்து பாக்கறவங்க இருப்பாங்களே, அப்படி ஆகிட்டா. யுனிவர்சிட்டியில ரிஜிஸ்ட்ரேஷனை ரெண்டு தரம் நீட்டிச்சிக் குடுத்தாங்க. மூணாவது தரம் கிடையாது, டிசம்பரோட சரின்னு சொல்லிட்டாங்க.

அந்த வருசம் ஜூன்ல ஒரு நாள் டீ குடிச்சிக்கினு இருந்தவ, “முடிஞ்சிதுடி”ன்னா. ‘பிஸ்கட் முடிஞ்சிது’ங்கற மாதிரி சொன்னா. நான் நம்பல. சார் ரெண்டு வாரம் எடுத்து வரி வரியா பாத்தார். பாத்து முடிச்சிட்டு எங்க ரெண்டு பேரையும் வீட்டுக்குக் கூப்புட்டார். சார் வீட்டம்மா கேசரி குடுத்தாங்க. சார் கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சிக்கினே, “கரெக்ட் அம்மா. அந்தா கரெக்ட்”னார். எல்லாமே சரி! செங்கமலம் கேசரித் தட்டை மடியில வச்சிக்கினு அழுதா.  அவ்ளோ சந்தோசமா அவளை நான் அதுக்கு முன்னாடியும் பாத்ததில்ல, அப்புறமும் பாக்கல.

கேசரி தொண்டையில இறங்கறதுக்குள்ள சார் எழுந்து போய்ப் பஞ்சாங்கத்தை எடுத்துக்கினு வந்தார். நாளையில இருந்து ஆஷாடம்.

“அப்ப இன்னிக்கே ஏத்திடுங்க சார்!”னு கத்தினேன்.

இன்னிக்கு அமாவாசையாச்சேன்னார். எங்க வீடுங்கள்ல அமாவாசைன்னா நிறைஞ்ச நாள், வண்டி வாங்குவாங்க, பூசை போடுவாங்க. தெலுங்குக்காரங்களுக்கு அமாவாசை ஆகாது. எங்களுக்கு நல்ல நாள் அவங்களுக்குக் கெட்ட நாள். இன்னிக்கும் முடியாது, நாளைக்கும் முடியாது, போ.

வெளியூர்க்காரங்களுக்கு இது புரியாது, சொல்லிடறேன். தெலுங்குக்காரங்களுக்கு மாசம்னா அமாவாசையில இருந்து அமாவாசை. நமக்குச் சூரியக் கணக்கு. அவங்க ஆஷாடம் முன்னாடி வரும், நம்ம ஆடி பின்னாடி வரும், நடுவுல கொஞ்சம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்கும். ஆஷாடத்துல அவங்க எதுவும் தொடங்க மாட்டாங்க, ஆடியில நாம தொடங்க மாட்டோம். எல்லையில இருக்கற எங்களுக்குத்தான் மத்தளம் மாதிரி ரெண்டு பக்கமும் இடி.

“ஆஷாடம் போய் ஸ்ராவணம் வரட்டும் அம்மா. இத்தனை வருசம் பொறுத்தோம். போன தடவை என்ன ஆச்சின்னு பாத்தோம் கதா”ன்னார் சார். கைடு தலையாட்டாம ஸ்டூடன்ட் எதையும் வெளியே விடக்கூடாது, அது அங்க எழுதாத சட்டம். செங்கமலம் சரின்னு சொல்லிட்டா.

வெளியே வந்து ஸ்கூட்டியை ஸ்டார்ட் பண்ணாமலே அவளைப் புடிச்சி உலுக்கினேன். “உனக்கு அறிவில்ல? உலகத்துல வேற எவனும் இதைப் போட்டுக்கினு இல்லைன்னு உனக்குத் தெரியுமா?”

“நாலு வாரம்தானே கலை. கெட்ட இடம் சின்னது. மொத்தமா நஷ்டம்னு எழுதிட்டுத் தாண்டிடலாம்.”

நாலு வாரம் போச்சி. உண்மையைச் சொல்லணும்னா, அந்த நாலு வாரத்துல ஒண்ணும் ஆகல. ஸ்ராவணம் பொறந்த அன்னிக்குக் காலையிலயே சார் போன் பண்ணிட்டார். ஸ்டாஃப் ரூம்ல ஸ்பீக்கர் போட்டா, எனக்கும் கேட்டுச்சி. “செங்கமலம்மா, ஸ்ராவணம் ஒச்சேசிந்தி! பெட்டேய் அம்மா, பெட்டேய்!” வந்தாச்சி, போட்டுடும்மா, போட்டுடுன்னு கொழந்தை மாதிரி குதிக்கறார் மனுஷன். அவ லேப்டாப்பைத் திறந்தா. பேப்பரை ஏத்தினா. கடைசியா ஒரே ஒரு பட்டன். விரலை அதுமேல வச்சிக்கினு அப்படியே உக்காந்திருந்தா.

அப்புறம் போன்ல சொன்னா, “சார், எங்களுக்கு இன்னும் ஆடி இருக்குது. ஆடியும் போகட்டும் சார்.”

போன்ல சார் பஞ்சாங்கம் புரட்டற சத்தம் கேட்டுச்சி. அப்புறம், “அவுனு கதா, மீக்கு ஆடி உந்தி கதா”ன்னு ஒத்துக்கினார். ஆமா, உங்களுக்கு ஆடி இருக்குதில்ல. அவர் சாஸ்திரத்தை இவ மதிச்சா, இவ சாஸ்திரத்தை அவர் மதிக்கறாராம். நல்லா மதிச்சிக்கினாங்க போங்க!

நான் லேப்டாப்பை இழுத்தேன். அவ மூடிட்டா. “சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்கல, இப்ப பூசாரியே குடுக்கறான், நீ வேணாங்கறியா? உனக்கு எப்பலேர்ந்துடி ஆடி?”

“ஆடி இல்ல கலை.” மூடின லேப்டாப்பை மடியில இழுத்து வச்சிக்கினா. “தப்பு இருந்தா? மறுபடியும் என் பேருக்கு எதிர்ல வாபஸ்னு வந்தா நான் உயிரோட இருக்க மாட்டேன்டி. இன்னொரு தரம் பாத்துக்கறேன். அவர் சாக்கு தீந்துபோச்சி. இப்ப என் சாக்கு. ஆடி முடிஞ்ச அன்னிக்கு நீயே அந்தப் பட்டனை அமுக்கு.”

 எனக்கு அவளை அறையணும்னும் இருந்துச்சி, கட்டிப் புடிச்சிக்கணும்னும் இருந்துச்சி. ரெண்டும் பண்ணல. மணி அடிச்சிச்சி, கிளாஸுக்குப் போயிட்டேன்.

தினமும் அவ மறுபடி மறுபடி சரி பாத்தா. சி ஒண்ணு, சி ரெண்டு, எல்லாம் அதது இடத்துல இருந்துச்சி. தப்பே இல்ல. தப்பு இல்லைங்கறதே அவளுக்குப் பயமா இருந்துச்சி. அவ நைனா கிருத்திகைக்குத் திருத்தணிக்குக் காவடி எடுத்தார். என்ன வேண்டுதலைன்னு கேட்டவங்ககிட்ட ‘எங்க பாப்பா கணக்குப் பரிட்சை’ன்னாராம். நாப்பதைத் தொடப் போற பாப்பா. ஆடிப் பதினெட்டுக்கு அவ அம்மா பஸ்ல டப்பா குடுத்து அனுப்பினாங்க: புளிசோறு, எலுமிச்சஞ்சோறு, தேங்காசோறு. ஸ்டாஃப் ரூம்ல ரெண்டு பேரும் வெளுத்துக் கட்டினோம். டப்பா மூடியை நக்காத குறை. எனக்கு இன்னும் அந்தப் புளிசோறு ருசி ஞாபகம் இருக்குது, பாவி.

அதுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை வரலட்சுமி விரதம். மேடம்ங்க எல்லாம் பட்டுப் பொடவை, கையில மஞ்சக் கயிறு. ஸ்டாஃப் ரூமே கல்யாண வீடு மாதிரி மணக்குது. செங்கமலம் வழக்கம் போல போனை எடுத்து, அந்தப் பொது இடத்துல அன்னிக்குப் புதுசா என்ன ஏறியிருக்குதுன்னு பாத்தா. பேப்பர் படிக்கற மாதிரி தினம் காலையில பாப்பா. அன்னிக்குக் கொஞ்சம் அதிக நேரம் பாத்துக்கினு இருந்தா. அப்புறம் போனை என் பக்கம் நகத்தினா.

எங்கயோ ஒரு குளிர் தேசம். ரெண்டு பேர். தலைப்பைப் படிச்சேன், எனக்கே புரிஞ்சிது.

“அதேவா?”

“அதேதான். வழி வேற. போய்ச் சேந்த ஊர் அதே.”

“ஒருவேளை அவங்களுக்கு எங்கனா ஒரு சி...”

“இல்ல கலை. பாத்துட்டேன். சரியா இருக்குது.”

நான் என்னென்னமோ பேசினேன். அவ எழுந்து முகம் கழுவிட்டு வந்தா. மணி அடிச்சிச்சி. சாக்பீஸை எடுத்துக்கினு கிளாஸுக்குப் போனா. கொஞ்ச நேரம் கழிச்சி அந்த வராண்டாவுல நடந்தேன். உள்ள அவ குரல் கேட்டுச்சி: “எக்ஸுக்கு ஜீரோ போட்டுப் பாருங்க. ஏ போச்சா? டி போச்சா? அப்ப பி-யா சி-யா?” குரல்ல ஒரு சின்ன உடைசல்கூட இல்ல. நான் பாத்ரூம்ல போய் அழுதுட்டு வந்தேன்.

மறுநாள் ரங்கையா சார் எங்க காலேஜ் கேட்டுக்கே வந்துட்டார். பேரண்ட்ஸ் நேரம் இல்லைன்னு செக்யூரிட்டி உள்ள விடல. வெயில்ல நின்னுக்கினு இருந்தார், சட்டை முதுகோட ஒட்டிக்கிச்சி. இவளைப் பாத்ததும் கையைப் புடிச்சிக்கினு, “நேனே செடகொட்டானு தல்லி”ன்னார். நான்தான் கெடுத்தேன் தாயின்னு ரோட்டுல நின்னு அழறார்.

செங்கமலம் அமைதியா சொன்னா, “இல்ல சார். உங்க மாசத்துல யாரும் வரல. என் மாசத்துலதான் வந்தாங்க.”

அவர் தலை குனிஞ்சிடுச்சி. திட்டியிருந்தா அந்த மனுஷன் தாங்கியிருப்பார்.

அப்புறம் நடந்ததெல்லாம் சாவு வீட்டுச் சடங்கு மாதிரிதான். தனியா நானும் கண்டுபிடிச்சேன்னு போடும்மான்னு சார் கெஞ்சினார். ஏற்கெனவே வாபஸ் வாங்கின பேரு, இப்பப் பின்னாடி போட்டா பாத்து எழுதினான்னுதான் சொல்லுவாங்கன்னு இவ மாட்டேன்னுட்டா. அந்த ரெண்டு பேருக்கு மட்டும் எழுதினா. பதில் வந்துச்சி, ரொம்ப மரியாதையா. உங்க ப்ரூஃப் எங்களதைவிடச் சின்னது, அழகா இருக்குது, நாங்க போட்டதுக்கு வருத்தப்படறோம்னு. வருத்தப்பட்டு என்ன பண்றது, அவங்க மேல தப்பா? அந்தப் பதில் குடுத்த தைரியத்துல பத்திரிகைக்கு மட்டும் அனுப்பிப் பாத்தா. இது வந்துட்டதேன்னு திருப்பிட்டாங்க. யுனிவர்சிட்டி கமிட்டியில ஒருத்தர், “இதுல புதுசுன்னு என்னத்தை எழுதறது?”ன்னு கேட்டாராம். டிசம்பரோட ரிஜிஸ்ட்ரேஷன் போச்சி. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைஞ்ச கதை கேட்டிருப்பீங்க. இங்க தாழியும் நல்லாதான் இருந்துச்சி, வெண்ணெயும் நல்லாதான் இருந்துச்சி. நல்ல நேரம் வரட்டும்னு எடுக்காம வச்சிருந்தாங்க, அவ்ளோதான்.

சங்கராந்தி லீவுக்கு என்னையும் ஊருக்குக் கூட்டிக்கினு போனா. கரும்பு வெட்டு நடந்துக்கினு இருந்துச்சி. அவ நைனா வெட்டற இடத்துல இருந்தார். அம்மா சுந்தரி வாசல்ல உக்காந்து மொச்சை உரிச்சிக்கினு இருந்தாங்க. நாங்களும் உக்காந்து உரிச்சோம்.

“உன் பெரிய படிப்பு இன்னா ஆச்சிம்மே? நைனா காவடி எல்லாம் எடுத்தாரே.”

“இல்லம்மா. போச்சி.”

“இன்னா, பெயிலா?”

“பெயிலு இல்லம்மா. நான் கண்டுபிடிச்சதை உடனே போடாம, ஆஷாடம் முடிஞ்சி ஆடியும் போகட்டும்னு வச்சிருந்தேன். அதுக்குள்ள வேற ஒருத்தர் முந்திக்கினாங்க.”

அந்தம்மா கையில இருந்த மொச்சையைக் கீழ போட்டாங்க. “ஆடியா? ஆடின்னா? பதினெட்டு வந்துச்சே!”

நாங்க ரெண்டு பேரும் அவங்களைப் பாத்தோம்.

“ஆடியில ஆகாதுன்னா பதினெட்டு அன்னிக்கு ஆவுமேம்மா! அன்னிக்கு எது தொடங்கினாலும் பெருகும்னுதானே பதினெட்டே கும்பிடறது. நைனா போர் போட்டது ஆடிப் பதினெட்டு. ஏன், உன்னைய ஸ்கூல்ல சேத்ததே அன்னிக்குத்தான். கொழந்தைக்கு ஜுரம், லேட்டா ஆயிடுச்சி, ஆடி வந்துடுச்சேன்னு உங்க நைனா யோசிச்சார். நான்தான் பதினெட்டு அன்னிக்குத் தூக்கிக்கினு போனேன். சோறு கூட கட்டி அனுப்பினனே உனக்கு! ஒரு போன் போட்டு அம்மா இன்னா பண்ணலாம்னு கேட்டா சொல்ல மாட்டனா?”

 அந்தப் பதினெட்டு அன்னிக்குத்தான் நாங்க புளிசோறு துன்னோம். லேப்டாப் அதே டேபிள்மேல, டப்பாவுக்குப் பக்கத்துலதான் இருந்துச்சி. அந்தக் குளிர் தேசத்துக்காரங்க அதுக்கு அப்புறம் வந்த வெள்ளிக்கிழமைதான் போட்டாங்க. ஆடிக்கே மரியாதை குடுத்து, சாஸ்திரத்துல ஒரு சொல் மீறாம, இவ முந்தியிருக்கலாம். தெலுங்குக் கைடு தன் மாசத்தைக் காப்பாத்தினார், தமிழ் ஸ்டூடன்ட் தன் மாசத்தைச் சாக்கா வச்சிக்கினா. அந்த மாசத்துக்குள்ள என்ன இருக்குதுன்னு, தூ, ஒருத்தர் பாக்கல.

சுந்தரி அம்மா இன்னும் எதிர்ல கையை விரிச்சிக்கினு உக்காந்திருக்காங்க, மக ஏதாவது சொல்லுவான்னு. செங்கமலம் கீழ விழுந்த மொச்சையை ஒண்ணொண்ணா பொறுக்கி முறத்துல போட்டா.

“உள்ள ஒரு தரம் எட்டிப் பாக்கலம்மா”ன்னா. “சின்னதா இருக்குதேன்னு மொத்தமா விட்டுட்டேன்.”

அந்தம்மாவுக்கு அது புரியல. “சரி, இந்த ஆடிக்குப் போடு”ன்னாங்க. செங்கமலம் சரிம்மான்னுட்டு மொச்சை உரிச்சா.